இரண்டு சம்பள நாள்

எங்கள் கல்லூரியில் மாதத்துக்கு இரண்டு சம்பள நாள். அரசு உதவி பெறும் பிரிவில் இருப்பவர்களுக்கு மாதக் கடைசியில் வந்துவிடும். சுயநிதிப் பிரிவில் இருக்கும் எங்களுக்கு நிர்வாகத்துக்கு மனசு வருகிற நாளில் வரும், பெரும்பாலும் பத்தாம் தேதியை ஒட்டி. ஒரே பணியாளர் அறை, ஒரே பாடத்திட்டம், ஒரே மாணவர்கள். மாதக் கடைசியில் எங்கள் துறையிலேயே அரசு உதவிப் பிரிவில் இருக்கும் வெங்கடசுப்பிரமணியன் சார் ஆளனுப்பி எல்லாருக்கும் உளுந்த வடை வாங்கித் தருவார். பத்தாம் தேதியன்று யாரும் யாருக்கும் எதுவும் வாங்கித் தர மாட்டோம்.

நாகஜோதி விஷயத்தில் நடந்ததை உள்ளபடி எழுதித் தரச் சொன்னீர்கள். விசாரணைக் குழுவில் நீங்கள் ஒருவர்தான் வெளியாள். என்னை இடைமறிக்காமல் கேட்டவரும் நீங்கள்தான். அதனால் உங்களுக்கே எழுதுகிறேன். சம்பளத்தைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் நான் ஏதோ கொடுமைக்காரி என்று தோன்றிவிடும். வரிசையாகச் சொன்னால் அப்படித் தோன்றாது.

என் பெயர் அலர்மேல்மங்கை. இயற்பியல் துறையில் உதவிப் பேராசிரியர், சுயநிதிப் பிரிவு. முனைவர் பட்டம் முடித்துவிட்டுத் தென்கொரியாவில் மூன்று வருஷம் ஆராய்ச்சி செய்தேன். அங்கே ஒரு மாதத்தில் வாங்கியதை இங்கே வாங்க ஆறேழு மாதம் ஆகும். என் கணவர் ஸ்ரீனிவாஸுக்கு இங்கே மதுரையில் மஹால் பக்கம் நூல் கடை. மகள் ஸ்ரீவர்ஷினி அவரிடம் வளர்ந்துகொண்டிருந்தாள். என்னை அலைபேசித் திரையில் பார்த்தால் அழாமல் இருக்கப் பழகிவிட்டாள் என்று தெரிந்ததும் திரும்பி வந்தேன்.

இங்கே நேர்முகத் தேர்வில் கல்லூரிச் செயலாளர் என் கட்டுரைகளைப் புரட்டினார். மூடி வைத்துவிட்டு, வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று கேட்டார். சொந்தக் கடை என்றேன். "அப்பக் குடும்பச் சுமை ஒண்ணும் இல்ல" என்று சொல்லிச் சம்பளத்தை முடிவு செய்தார். அதே நாளில் கணினித் துறைக்கு வந்த ராஜேஷ்குமாருக்கு என்னைவிடக் கூடுதலாகக் கொடுத்தார்கள். அவருக்கு அப்போது முனைவர் பட்டம்கூட இல்லை. அவர் போனால் வேறு ஆள் கிடைக்காது, நான் போனால் கிடைக்கும். இதில் அநியாயம் என்று எதுவும் இல்லை.

ஒரு ஆராய்ச்சியாளருக்கு என்ன சம்பளம் என்று என் மாணவிகள் கேட்பார்கள். எந்த ஊர், எந்தப் பாடம், எந்தப் பிரிவு, எந்த வருஷம் சேர்ந்தீர்கள், ஆணா பெண்ணா, கணவர் சம்பாதிக்கிறாரா என்று எல்லாம் கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்ல முடியும். என்ன கண்டுபிடித்தீர்கள் என்ற கேள்வி கடைசியில் வரலாம். என்னிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை.

நான்கு வருஷத்துக்கு முன்பு டெல்லியிலிருந்து எனக்கு ஓர் ஆய்வுத் திட்டம் கிடைத்தது. சூரிய மின்கலத்துக்கான மெல்லிய படலங்கள் பற்றியது. எழுதியது நான், டெல்லிக்குப் போய் நின்று பதில் சொன்னது நான். திட்டத் தலைவருக்கு அதிலிருந்து ஒரு ரூபாய் கிடையாது, ஏற்கெனவே சம்பளம் வாங்குகிறவர் என்பது கணக்கு. ஆனால் திட்டத்தில் வேலைக்குச் சேரும் ஆய்வு மாணவருக்கு மாத உதவித்தொகை உண்டு. அதைத் தீர்மானிப்பது மத்திய அரசு, கல்லூரி அதில் கை வைக்க முடியாது. வீட்டு வாடகைப்படியும் உண்டு. மதுரை என்பதால் சென்னையைவிட அது குறைவு. அப்படிக் குறைந்த பிறகும் கூட்டிப் பார்த்தால் என் சம்பளத்தைவிட ஒன்பதாயிரம் கூட வந்தது.

வீட்டில் இதைச் சொன்னபோது என் கணவர் சிரித்தார். வாத்தியாரைவிட மாணவிக்குச் சம்பளம் அதிகம் என்றால் நீ அவளிடம் போய்ச் சேர்ந்துகொள் என்று எங்கள் வீட்டுப் பாஷையான சௌராஷ்டிரத்தில் கேலி செய்தார். நானும் சிரித்தேன். எனக்கு அதில் வருத்தம் இல்லை. இந்தியா முழுக்கச் சுயநிதிக் கல்லூரிகளில் இருக்கும் நிலைமைதான் இது.

அந்த இடத்துக்கு வந்தவள்தான் நாகஜோதி. செல்லம்பட்டிப் பக்கம் விவசாயக் குடும்பம். புருஷன் அருள்பாண்டிக்கு அவனியாபுரத்தில் ஒரு லேத் பட்டறையில் வேலை. அவளுக்குக் கல்லூரி பக்கமாக இருக்கட்டும் என்று ஒத்தக்கடையில் வாடகைக்கு வந்தார்கள், அவன் ஊரைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போவான். நல்ல பெண். கையில் நடுக்கம் கிடையாது, பொறுமை உண்டு, சொன்னதைச் சொன்னபடி செய்வாள். முதல் உதவித்தொகை வந்ததும் எனக்கு ஒரு பட்டுப் புடவை எடுத்து வந்தாள். அந்த விலையில் என் சம்பளத்தில் நான் எடுத்திருக்க மாட்டேன். உடுத்தாமல் வைத்திருக்கிறேன்.

அன்றைக்கு அவள் கள்ளமில்லாமல் ஒன்று கேட்டாள்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. எனக்கே இம்புட்டு வருதே, ஒங்களுக்கு எம்புட்டு மேடம் வரும்?"

"உனக்கு வர்றது மாதிரி மூணு மடங்கு இருக்கும்" என்றேன்.

அவளுக்கு ஒரே சந்தோஷம். தானும் படித்து முடித்தால் அப்படி வாங்கலாம் என்று நினைத்திருப்பாள். அவளுடைய உற்சாகத்தைக் கெடுக்கக் கூடாது என்றுதான் அப்படிச் சொன்னேன்.

உதவித்தொகை அவளுக்கு நேராகப் போகாது. இந்த மாதம் இன்னார் திருப்தியாக வேலை செய்தார் என்று நான் கையெழுத்திட்டு அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும், பிறகுதான் வங்கிக்குப் போகும். சில மாதங்கள் கையெழுத்துப் போட மறந்திருக்கிறேன். அவள் வந்து கதவருகில் நிற்பாள், கேட்க மாட்டாள். எனக்கு அப்போது ஞாபகம் வந்துவிடும்.

இனி வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கண்ணாடித் துண்டின்மேல் ஒரு கரைசலை ஊற்றி வேகமாகச் சுழற்றினால் அது மெல்லிய படலமாகப் பரவும், பிறகு சூடாக்க வேண்டும். கரைசல் செய்வதற்கு ஒரு திரவம் வேண்டும். சாதாரண ஆல்கஹாலில் செய்யலாம், படலம் சுமாராக வரும். மெத்தாக்ஸிஎத்தனால் என்று ஒன்று இருக்கிறது, அதில் செய்தால் பளிங்கு போல வரும். லேசான, இனிப்பான வாடை. சுழற்றும்போதும் சூடாக்கும்போதும் அது ஆவியாகி அறையில் நிற்கும். வெளியேற்றும் விசிறி ஒன்று சுவரில் இருக்கிறது. அது ஓடினால் காற்றோட்டத்தில் படலத்தில் கோடு விழும் என்பதால் நிறுத்தி வைக்கச் சொல்லியிருந்தேன். கோடு விழும் என்பது ஓரளவுக்கு உண்மை.

இயற்பியல்காரர்கள் பாட்டிலைப் படிக்க மாட்டோம். தூய்மை எவ்வளவு என்று பார்ப்போம், விலை பார்ப்போம், அவ்வளவுதான். விஷம், எரிச்சல், கையுறை என்பதெல்லாம் வேதியியல் துறையின் கவலை என்று எங்களுக்கு ஓர் எண்ணம். நாகஜோதியும் அப்படித்தான் இருந்தாள்; அந்தத் திரவத்தை வாங்கி வைப்பது நான், அவளுக்கு அது வெறும் சால்வென்ட், கரைக்கிற திரவம். நானும் கொரியாவுக்குப் போகும்வரை அப்படித்தான் இருந்தேன்.

போன வருஷம் ஜூலையில் செயலாளர் என்னைக் கூப்பிட்டார். அடுத்த மே மாதம் வெங்கடசுப்பிரமணியன் சார் ஓய்வு பெறுகிறார், அந்த அரசு உதவி இடம் காலியாகும், அதற்குள் நல்ல வெளிநாட்டு இதழில் ஒரு கட்டுரை வந்துவிட்டால் உங்களை விட்டால் யார் என்றார். அந்த இடத்துக்கு நாகஜோதி வாங்குவதைப் போல மூன்று மடங்கு சம்பளம். நாகஜோதியிடம் நான் சொன்ன பொய் உண்மையாகிவிடும். எனக்கு நாற்பத்தாறு வயது. இனி இன்னோர் இடம் காலியாகி நான் உட்காரப் போவதில்லை.

ஆகஸ்டில் ஒரு நாள் மதியம் நாகஜோதி என் மேசைக்கு வந்தாள்.

"மேடம், நாள் தள்ளிப் போயிருக்கு. ரெண்டு மாசம். அவுகளுக்கு அடுத்தபடியா ஒங்ககிட்டத்தான் சொல்றேன்."

வாழ்த்துச் சொன்னேன். உண்மையாகவே சொன்னேன். கல்யாணமாகி ஐந்து வருஷம், செல்லம்பட்டியில் மாமியார் சீனியம்மாள் அவளை என்ன பேசினாள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். உட்காரச் சொன்னேன். பிரசவ விடுப்பு உண்டா என்று கேட்டாள். அருள்பாண்டிக்குப் பட்டறையில் வேலை ஒழுங்காக இல்லை, வாடகையும் அவன் அப்பாவின் மருந்துச் செலவும் இவள் பணத்தில்தான் ஓடுகின்றன என்று, அதையும் சொன்னாள்.

"பிராஜெக்ட்ல அதெல்லாம் கிடையாதும்மா" என்றேன். "நீ நின்னா ஃபெல்லோஷிப் நின்னுரும். வேற ஆளப் போட்டுருவாங்க."

 "அப்ப முடிஞ்ச வரைக்கும் வாரேன் மேடம்" என்றாள்.

முழு உதவித்தொகையோடு ஆறு மாத விடுப்பு உண்டு. திட்டம் கிடைத்தபோது வந்த விதிகளில் அது இருக்கிறது. நான் விதிகளை முழுக்கப் படிக்கிறவள்.

வயிற்றில் பிள்ளை வந்த பிறகு அவளுக்கு ஒரு பழக்கம் வந்தது. எதை எடுத்தாலும் மேலே எழுதியிருப்பதைப் படித்தாள். பிஸ்கட் உறையைப் படித்தாள், சத்து மாத்திரை டப்பாவைப் படித்தாள். நான்கைந்து நாளில் ஆய்வுக்கூடத்திலும் படிக்க ஆரம்பிப்பாள் என்று தோன்றியது. மெத்தாக்ஸிஎத்தனால் வரும் பழுப்பு பாட்டிலில் சிவப்புக் கட்டம் போட்டு, நெஞ்சில் நட்சத்திரம் வெடித்த மாதிரி ஒரு மனித உருவம் இருக்கும். அதன் கீழே, கருவிலிருக்கும் குழந்தைக்குக் கேடு விளைவிக்கலாம் என்று ஆங்கிலத்தில் இருக்கும். அந்த வாரம் அவள் வருவதற்கு முன்பே போய், இருந்ததை எல்லாம் சாதாரணக் கண்ணாடிப் புட்டிகளில் ஊற்றி, சால்வென்ட் என்று மட்டும் எழுதி ஒட்டினேன். பழுப்பு பாட்டில்களைக் கழுவி என் காரில் எடுத்துப் போய்விட்டேன்.

புட்டியை மாற்றியது ஏன் என்று அவள் கேட்கவில்லை. வாடையைப் பற்றித்தான் கேட்டாள். தலை கிறுகிறுக்கிறது, இது ஏதும் செய்யுமா என்று.

"நானும் இதுலதான் பிஎச்டி பண்ணேன். எனக்குப் பிள்ளை நல்லாத்தான் பொறந்தா" என்றேன்.

என் முனைவர் பட்ட வேலை வேறு முறை. அதில் எந்தத் திரவமும் கிடையாது. இந்தத் திரவத்தை முதன்முதலில் கொரியாவில்தான் பார்த்தேன். அங்கே கூட வேலை பார்த்த ஒரு பெண் தாயாகப் போகிறாள் என்று சொன்ன மறுநாளே பேராசிரியர் அவளைக் கணினி வேலைக்கு மாற்றினார். சம்பளத்தில் ஒன்றும் குறைக்கவில்லை. அது பணக்கார நாடு, அவர்களால் முடியும் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

செப்டம்பர், அக்டோபர் இரண்டு மாதமும் அவள் பிரமாதமாக வேலை செய்தாள். விட்டால் பணம் நின்றுவிடும் என்ற பயத்தில் சனிக்கிழமையும் வந்தாள். நான் அந்த அறைக்குள் போவதை விட்டுவிட்டேன். வாசலில் நின்று பேசுவேன், அவள் படலங்களை வெளியே கொண்டுவந்து காட்டுவாள். எனக்குக் காரணம் என்று எதுவும் இல்லை. எனக்கு அடிக்கடி தலைவலி வரும், அவ்வளவுதான்.

வெங்கடசுப்பிரமணியன் சார் ஒருமுறை கவனித்தார். எங்கள் ஆள்தான், அதனால் மற்றவர்களுக்குப் புரிய வேண்டாம் என்று நினைக்கும்போது சௌராஷ்டிரத்தில் பேசுவார். அந்தப் பெண் மாசமாக இருக்கிறாள், கதவை அடைத்துக்கொண்டு உள்ளே என்னவோ கொதிக்கிறது, எழுதுகிற வேலை ஏதாவது கொடுத்து வெளியே உட்கார வைக்கக் கூடாதா என்றார். நானும் சொல்லிப் பார்த்துவிட்டேன், அவள்தான் பிடிவாதமாக வருகிறாள் என்றேன். மாதம் தவறாமல் வடை வாங்கித் தருகிற மனிதர், நல்லவர். அவர் முப்பத்திரண்டு வருஷத்தில் எழுதியதைவிட நான் நான்கு வருஷத்தில் அதிகம் எழுதியிருக்கிறேன். சரி என்று சொல்லிவிட்டுப் போனார். அவரை நீங்கள் விசாரிக்க வேண்டியதில்லை.

டிசம்பரில் கட்டுரையை நானே எழுதி அனுப்பினேன். நாகஜோதியின் பெயரை முதலில் போட்டேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள், எத்தனையோ வழிகாட்டிகள் அதைச் செய்ய மாட்டார்கள்.

பொங்கலன்று அவனியாபுரத்தில் ஜல்லிக்கட்டு. பட்டறைக்கு விடுமுறை என்று அருள்பாண்டி வீட்டிலேயே இருந்தான். அன்றைக்கு அவளுக்கு வலி வந்தது, ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. ஆண் குழந்தை. இரண்டு கைகளிலும் விரல்கள் பிரியவில்லை, இதயத்திலும் கோளாறு இருந்தது. ஒரு வாரம் போலக் கண்ணாடிப் பெட்டியில் இருந்துவிட்டு இறந்துபோனது.

நான் பழம், ஹார்லிக்ஸ் எல்லாம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அருள்பாண்டி எழுந்து எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டான். டாக்டர் அவளிடம் என்ன வேலை, என்ன மருந்துகளில் புழங்குகிறாய் என்று கேட்டாராம். சால்வென்ட் என்று மட்டும்தான் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்கிறது.

"அது என்ன சால்வென்ட்டுங்க மேடம்?" என்று அவன் கேட்டான். "நீங்க எழுதிக் குடுத்தா டாக்டருகிட்டக் காட்டுவேன்."

ஆல்கஹால் மாதிரி ஒன்று என்று சொன்னேன். தாளிலும் அப்படியே எழுதிக் கொடுத்தேன். அவன் அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

நாகஜோதி அதுவரை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். திரும்பாமலே பேசினாள். பக்கத்துக் கட்டிலில் இருக்கும் முத்துமீனா என்ற பெண்ணும் ஆய்வு மாணவியாம், வேறு ஊர்ப் பல்கலைக்கழகமாம்.

"அவங்க அஞ்சாம் மாசமே வீட்டுக்கு வந்துட்டாங்களாம் மேடம். ஆறு மாசத்துக்கு ஃபெல்லோஷிப் முழுசா வருதாம். ஒங்களுக்குத் தெரியாதா மேடம்?"

"தெரியாதும்மா" என்றேன்.

 அவள் முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது. நான் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, ஒத்தக்கடைப் பேருந்துகளுக்குப் பின்னால் ஊர்ந்து கல்லூரிக்கு வந்து, பிற்பகல் வகுப்பு எடுத்தேன். நன்றாகவே எடுத்தேன்.

மார்ச்சில் கட்டுரை வெளிவந்தது. அதில் நாங்கள் பயன்படுத்திய திரவத்தின் பெயர் இருக்கிறது, போடாமல் இருக்க முடியாது. முதல் பெயர் அவளுடையது என்பதால் இதழிலிருந்து அவளுக்கும் ஒரு படி போயிருக்கிறது. அவள் அதைப் படித்திருக்கிறாள், பிறகு அந்தப் பெயரை இணையத்தில் தேடியிருக்கிறாள். ஏப்ரலில் உங்கள் குழுவுக்குப் புகார் வந்தது. இப்போது என் நியமன ஆணை செயலாளர் மேசையில் கையெழுத்தாகாமல் இருக்கிறது.

நீங்கள் என்னைக் கேட்டீர்கள், அந்தத் திரவத்தால்தான் குழந்தை இறந்தது என்று ஒப்புக்கொள்கிறீர்களா என்று. ஓர் அறிவியலாளராகச் சொல்கிறேன், ஒரு நிகழ்வை வைத்து முடிவு சொல்ல முடியாது. குறைப்பிரசவமும் ஊனமும் எத்தனையோ காரணத்தால் வரும். ஆனால் மற்றதெல்லாம் நான் செய்ததுதான். அது என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. புட்டியை மாற்றினேன், விசிறியை நிறுத்தி வைத்தேன், விடுப்பு இல்லை என்றேன், கேட்டபோது பொய் சொன்னேன். அவள் கர்ப்பமாக இருக்கிறாள் என்று தெரிந்துதான் இவ்வளவும் செய்தேன். அந்தக் குழந்தைக்காக அழ முயன்று பார்த்தேன், வரவில்லை. பத்தாம் தேதிக்குக் காத்திருந்து காத்திருந்து எனக்குள் ஏதோ மரத்துப்போயிருக்கிறது.

கட்டுரைக்காகத்தானே செய்தீர்கள், அந்தப் பதவிக்காகத்தானே என்று நீங்களே எனக்கு ஒரு காரணம் எடுத்துக் கொடுத்தீர்கள். நன்றி. ஆனால் அது சரியில்லை. கட்டுரைக்கு வேண்டிய படலங்கள் செப்டம்பர் முதல் வாரத்திலேயே கிடைத்துவிட்டன. அதன் பிறகு அவள் செய்தது எதையும் நான் பயன்படுத்தவில்லை, குப்பையில் போட்டேன். அப்போதே வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். அனுப்பியிருந்தால் அவள் ஆறு மாதம் காலை நீட்டிக்கொண்டு வீட்டில் இருப்பாள், மாதாமாதம் என்னைவிட ஒன்பதாயிரம் கூட வாங்குவாள், திருப்தி என்று எழுதி நான் கையெழுத்துப் போட வேண்டும். நீங்களும் சம்பளம் வாங்குகிறவர்தான். உங்களால் போட முடியுமா என்று நீங்களே சொல்லுங்கள்.